உப்பளத்து இன்ஜினின் மூச்சு

நங்கூரச் சந்தில் அந்த வருஷம் ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் வரவில்லை, கடலிலிருந்தும் வரவில்லை, என் வீட்டுக்காரர் வாங்கி வந்து வாசலில் நிறுத்திய பழைய மோரிஸ் காரின் சைலன்சர் வழியாக வந்தது. முதல் தடவை அவர் சாவியைத் திருகியபோது புகைக்குப் பதிலாக மல்லிகையும் பன்னீரும் அரைத்த சந்தனமும் கலந்த கல்யாண வாசம் கிளம்பி, சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வீடு வீடாக நுழைந்து பார்த்துவிட்டு வந்தது. எதிர்வீட்டு ஹில்டா அடுப்பை அணைத்துவிட்டு யாருக்குக் கல்யாணம், என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு வாழையிலையில் சூடான சோறு விழுகிற வாசமும் வந்ததால் ஆண்களில் சிலர் பழக்கதோஷத்தில் கையைக் கழுவிக்கொண்டு நின்றார்கள்.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று இஞ்ஞாசி கேட்டார். இஞ்ஞாசி என்பது என் வீட்டுக்காரர். இன்ஜின் என்றால் காற்றை இழுத்துத்தானே ஓடுகிறது, காலமெல்லாம் இழுத்ததில் கொஞ்சம் நெஞ்சில் தங்காதா, தங்கினது ஒருநாள் வெளியே வராதா என்றார். சந்தும் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று சொல்லிக் கலைந்துபோனது. அந்தக் கார் அதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே அதற்கு வேறு என்ன வாசம் வரும்?

எனக்கு அதிசயம் வேறு விஷயத்தில். பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்து, இனிமேலாவது துணி காயப்போட நாலடி இடம் முழுசாகக் கிடைக்கும் என்று நான் நினைத்திருந்த இடத்தில் ஒரு மனிதர் காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார், அதுவும் ஓட்டத் தெரியாதவர். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் முப்பது வருஷம் மூட்டைகளை முகர்ந்து இது எந்த ஊர்க் கிராம்பு, எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர், ரிட்டயர் ஆனதும் முகர ஒன்றும் இல்லாமல் வீட்டில் என் குழம்பை முகர்ந்து குறை சொல்ல ஆரம்பித்திருந்தார். அந்த வகையில் கார் வந்தது நல்லதுதான்.

அவருடைய பிரச்சினை இன்ஜினின் வயது. உடம்பு மோரிஸ், உள்ளே இருக்கிற இன்ஜின் அந்த உடம்போடு பிறந்தது இல்லை. மெட்ராஸில் பழைய கார்க்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது; இன்ஜின் எந்த வருஷம், எந்த ஊர் என்று சொன்னால்தான் அவர்கள் வருஷாவருஷம் நடத்துகிற ஊர்வலத்தில் சேர்ப்பார்களாம், இல்லையென்றால் அது வெறும் இரும்பாம். இன்ஜினில் நம்பர் இருந்தது, ஆனால் அது பொய் நம்பர். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கமே அப்படித்தான்: ஒரு காருக்கு வேறு இன்ஜின் மாட்டினால், வந்த இன்ஜினின் நம்பரை அரத்தால் ராவிவிட்டு, போன இன்ஜினின் நம்பரையே உளியால் அடித்துவிடுவார்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேள்வி வராது. உண்மையான வயது இரும்பு வார்க்கும்போதே புடைத்து நிற்கிற எண்களில்தான் இருக்கும். இஞ்ஞாசி புளியும் செங்கல் தூளும் வைத்துத் தேய்த்தார், அதன்மேல் காகிதத்தை ஒட்டி பென்சிலால் உரசினார், எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, இது அஞ்சா ஆறா எட்டா, பாரு என்றார். இறால் மாதிரி இருக்கிறது என்றேன். எதுவோ அந்த எண்களை அரித்துத் தின்றிருந்தது.

எது தின்றது என்பது இரண்டாம் தடவை சாவியைத் திருகியபோது தெரிந்தது. கல்யாண வாசம் வரவில்லை. வறண்ட, கரிக்கிற, நாக்கு நுனியில் ஒட்டுகிற உப்பளத்துக் காற்று வந்தது, சித்திரை வெயிலில் பாத்திகளின் மேல் அலைகிற காற்று. பத்து நிமிஷத்தில் என் ஜன்னல் கம்பிகளில் வெள்ளை பூத்தது. பம்புசெட் என்றார் இஞ்ஞாசி உடனே. மோட்டார் வருவதற்கு முன்பு கடல்தண்ணீரைப் பாத்திக்கு ஏற்ற, ஓடி ஓய்ந்த கார்களின் இன்ஜினைக் கழற்றிக்கொண்டுபோய் உப்பளத்தில் வைப்பார்கள். ரோட்டில் செத்த இன்ஜின் அங்கே இன்னொரு ஆயுசு ஓடும். இதுவும் ஓடியிருக்கிறது, பிறகு கல்யாண வாடகைக்கு விட்டவன் தூக்கி வந்து மோரிஸுக்குள் வைத்திருக்கிறான். அப்படியானால் இது பின்னோக்கிப் போகிறது, ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு பிறவி முன்னால் என்று அவர் கையைத் தேய்த்துக்கொண்டார். இப்படியே போனால் பிறந்த இடத்துக்கே போய்விடலாம்.

சந்து அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. இளைப்பு உள்ளவர்கள் நாற்காலி போட்டு சைலன்சர் பக்கம் உட்கார்ந்தார்கள், ஹில்டா நெத்திலியைப் பாயோடு கொண்டுவந்து அந்தக் காற்றின் முன்னால் பரப்பினாள், அது தானே உப்புப் பிடித்துத் தானே காய ஆரம்பித்தது. யார் பாய் முன்னால், யார் பாய் பின்னால் என்று சண்டை வந்து, பங்குச் சாமியார் வரைக்கும் போய், மேல வரிசைக்குக் காலை, கீழ வரிசைக்கு மத்தியானம் என்று தீர்ப்பாகித் திரும்பி வருவதற்குள் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் நின்றுவிட்டது. மறுபடி திருகுங்க, என் மீன் பாதியில நிக்கி என்று ஹில்டா கத்தினாள். திருக முடியாது, திருகினால் உப்பளம் வராது, அதற்கு முந்தினது வரும், நின்றது நின்றதுதான் என்று இஞ்ஞாசி விளக்கினார். அன்று சாயங்காலம் சந்து முழுக்க பாதி காய்ந்த கருவாட்டு நாற்றம். அதற்கும் சேர்த்து ஏச்சு வாங்கியது நான்தான்.

சலோமி அக்கா வந்தது அதற்கு அடுத்த நாள். மூன்றாம் வீடு. அவள் புருஷன் ரபேல் அண்ணன் டாக்ஸி ஓட்டினவர். இதே சந்தில் வளர்ந்த கான்வென்ட் பிள்ளைகளான எங்களைப் புளிமூட்டை மாதிரி அடைத்துக்கொண்டு தினமும் பள்ளிக்கூடத்துக்கு விட்டவர் அவர்தான். யாரும் வாந்தி எடுக்கக் கூடாதென்று கண்ணாடிக்குக் கீழே ஆரஞ்சுத் தோலைக் காயவைத்திருப்பார். ஒருத்தி அழுதால் ஒரு துண்டு, இரண்டு பேர் சண்டை போட்டால் ஆளுக்கு ஒரு துண்டு, மோந்து பாரு மக்கா, சரியாயிரும் என்பார். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு மழைநாள் திருச்செந்தூர் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார். வண்டியை உடைத்து விற்றார்கள். இன்ஜின் உப்பளத்துக்குப் போனது என்பது சந்தில் எல்லாருக்கும் தெரியும்.

சலோமி அக்கா காரை ஒரு சுற்று சுற்றிவந்தாள், பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு இஞ்ஞாசியை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"உப்பளத்துக்கு முந்தி டாக்ஸிதான வரும்?"

"வரலாம்க்கா. எந்த டாக்ஸின்னு யாரு கண்டா?"

"எனக்குக் கொரோனாவுல போன மூக்கு திரும்பி வரல. கருவாடும் ஒண்ணுதான், பன்னீரும் ஒண்ணுதான். அவிய வந்து நின்னாலும் எனக்குத் தெரியாது." சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டாள். "நீ மோந்து சொல்லணும். அந்த வண்டியில போனவ நீ. உன் வாயி பொல்லாத வாயி, பொய் வராது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் என்னிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கும் ஆசை இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும். அது ரபேல் அண்ணன் வண்டியென்றால், அந்த மூச்சுக்குள் அவர் மட்டுமா இருப்பார்? தேங்காயெண்ணெய் வழியும் எங்கள் ஜடைகளும், டிபன் டப்பா புளிச்சோறும், கஞ்சி போட்டு விறைத்த யூனிபாரமும், பிறகு எனக்குத் திரும்பக் கிடைக்காத, நானாக இருந்த அந்தப் பெண்பிள்ளையும் இருப்பாளே.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து எல்லாரும் வந்து நின்ற பிறகு இஞ்ஞாசி மூன்றாம் தடவை சாவியைத் திருகினார். இன்ஜின் இருமியது, செருமியது, பிறகு நிதானமாக ஓட ஆரம்பித்தது. வந்த வாசம் பழைய ரெக்ஸின் சீட்டும் பெட்ரோலும் வேர்வையும் கலந்தது, டாக்ஸி என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரபேல் அண்ணன், ரபேல் அண்ணனேதான் என்று முதலில் சொன்னது ஹில்டா. அவள் ரபேல் அண்ணன் இறந்து பத்து வருஷம் கழித்து வாக்கப்பட்டு வந்தவள். அவளைத் தொடர்ந்து மேல வரிசை சொன்னது, கீழ வரிசை சொன்னது, அண்ணனோட சுருட்டு வாசம் என்றது ஒரு குரல், அண்ணன் சுருட்டே பிடித்ததில்லை. பொய்யென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு கிழவி கல்லறைக்குப் போய்வந்த நாற்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஆளுக்கொரு பூ வைக்கிற மாதிரி வைத்தார்கள்.

சலோமி அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்தேன். சுக்குக் காப்பி வந்தது. வெற்றிலையும் வந்தது. அதற்கு அடியில், தாங்கமுடியாத மெல்லிசாக, வசம்பு வந்தது, கைக்குழந்தைக்கு உரசிப் போடுகிற வசம்பு, பால் கக்கின துணியோடு சேர்ந்து. ஆரஞ்சுத் தோல் இல்லை. மூச்சை விட்டுவிட்டு இன்னொரு தடவை இழுத்தேன், இருந்துவிடட்டும் என்று இழுத்தேன். இல்லை. சலோமி அக்காவுக்குப் பிள்ளையே கிடையாது.

ஆமாக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதை நான் விழுங்கியது, பொய் சொல்லக் கூடாதென்று மாரல் சயின்ஸ் வகுப்பில் சிஸ்டர்கள் சொன்னதற்காக இல்லை. அவள் கேட்க வந்தது அந்த வார்த்தையை என்றால் ஹில்டாவிடமே கேட்டிருப்பாள்.

"அவரு இல்லக்கா. இது வேற ஆளு. வீட்ல கைப்பிள்ள இருந்திருக்கு."

சந்து என்னைப் பார்த்த பார்வையில் அந்த நெத்திலிப் பாய் முழுசும் காய்ந்திருக்கும். சலோமி அக்கா சைலன்சரின் வாயில் கையை நீட்டினாள், சூடு பட்டும் எடுக்கவில்லை.

"அப்போ இது எவளோட புருசன்?" என்றாள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எவளோ ஒருத்தி எங்கயோ இருக்கா. அவ ஆளு இங்கன நம்ம சந்துல வந்து நிக்கான். அவளுக்குத் தெரிய வேண்டாமா? இஞ்ஞாசி, அணைச்சிராதீக."

இஞ்ஞாசியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நாள் முழுக்க ஓடினால் தண்ணீர் கொதிக்கும், கொதித்தால் ஹெட் வளையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பிறந்த ஊர் தெரியாமலே செத்துப்போகும். நாலைந்து பிறவி இன்னும் பாக்கி இருக்கிறது, இங்கேயே முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று என் காதில் முணுமுணுத்தார். அவளிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் போய்ச் சொல்லவில்லை, பெட்ரோல் வாங்கப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். ஒரு குடம் தண்ணீருக்குப் பக்கத்து வீட்டோடு மூன்று தலைமுறை பேசாமல் இருக்கிற ஊர் இது. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு குடம் என்று முறை வைத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நனைந்த கோணிச்சாக்கைப் போர்த்தினார்கள். ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் டியூபைக் கழற்றிப் பெட்ரோலை இறக்கினார்கள். போன் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் செய்தி போட்டார்கள்: பழைய டாக்ஸிக்காரர், சுக்குக் காப்பி குடிப்பவர், கைக்குழந்தை இருந்தது, இன்ஜின் உப்பளத்துக்குப் போனது, தெரிந்தவர்கள் நங்கூரச் சந்துக்கு வரவும். போனில் வாசத்தையும் அனுப்ப முடியுமா என்று ஒருத்தர் கேட்டார். அவர் வாத்தியார்.

டாக்ஸிக்காரர்களின் பெண்டாட்டிமார் வர ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் இத்தனை டாக்ஸிக்காரர்கள் இருந்தார்களா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. ஷேர் ஆட்டோவில் வந்தார்கள், மினி பஸ்ஸில் வந்தார்கள், ஒருத்தியை மகன் பைக்கில் உட்காரவைத்துச் சேலையால் தன் இடுப்போடு கட்டிக் கொண்டுவந்தான். ஒவ்வொருத்தியும் முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள், முகர்ந்தாள், இல்லை என்று தலையாட்டினாள், ஆனால் ஒருத்தியும் திரும்பிப் போகவில்லை. சலோமி அக்கா பக்கத்திலேயே வரிசையாக உட்கார்ந்து தங்கள் தங்கள் வண்டிகளைப் பற்றிப் பேசினார்கள். கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் கம்பி திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்த கதை, தேர்த் திருவிழாவுக்கு மணப்பாட்டுக்குப் போய் மணலில் புதைந்த கதை, சவாரிக்கென்று போய் இன்னொருத்தி வீட்டில் வண்டி நின்றதை ஹார்ன் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்த கதை. எங்கள் வீட்டில் சீனி தீர்ந்தது, டீத்தூள் தீர்ந்தது, நான் மக்ரூன் டப்பாவைத் திறந்து வைத்தேன். காரைச் சுற்றி என் துணிக்கொடியில் அவர்களுடைய பைகள் தொங்கின.

வெயில் சாயத் தொடங்கியபோது இன்ஜினின் சத்தம் மாறியது. இஞ்ஞாசி பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஆயில் இறங்கிவிட்டது, இனிமேல் தாங்காது என்றார். இந்தத் தடவை சலோமி அக்காவிடமே சொன்னார். அவள் இன்னும் ஒரு குடம் ஊற்றச் சொன்னாள்.

அந்தக் குடம் காலியாவதற்குள் சந்து முனையில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆறுமுகநேரியிலிருந்து வந்த சண்முகக்கனி என்று பிறகு தெரிந்தது. கையில் மருந்துக்கடைப் பை, காலில் ரப்பர் செருப்பு. மற்றவர்களைப்போல அவள் கிட்டே வந்து குனியவில்லை. அங்கேயே நின்று, கலைந்திருந்த தலைமயிரைக் கையால் ஒதுக்கி, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுச் சரிசெய்துகொண்டாள். தெருவில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டதும் பெண்கள் செய்வதுதான். எனக்குத் தெரிந்துவிட்டது, அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவள் வந்து காரின் பின்னால் நின்றாள்.

"அவ்வளவு சொல்லியும் சுக்குக் காப்பிய விடல பாத்தீகளா," என்றாள் எங்களைப் பார்த்து. "நெஞ்செரியுது நெஞ்செரியுதுன்னு ராத்திரி வந்து என் உசுர வாங்குறது. கேட்டா தண்ணிதான் குடிச்சேம்பாவ."

சொல்லிவிட்டுப் பம்பரில் உட்கார்ந்தாள். சலோமி அக்கா அவள் முதுகில் கையை வைத்தாள். கொஞ்சம் கழித்து அந்தப் பெண் போனை எடுத்து துபாயில் இருக்கிற மகனைக் கூப்பிட்டாள், திரையை சைலன்சர் பக்கம் திருப்பி, உங்கய்யா வாசம்டா, வருதா என்று கேட்டாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். திரையில் தாடி வைத்த, முன்மண்டை ஏறின ஆள் ஒருவன் ஏதோ கட்டடத்தின் வராந்தாவில் நின்றான். எரிச்சலோடு என்னம்மா என்று ஆரம்பித்தவன் பேச்சை நிறுத்தினான். வாசம் வரவில்லை. சத்தம் அவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. தொட்டிலில் தூங்காத பிள்ளையை முன்சீட்டில் போட்டு இன்ஜினை ஓடவிட்டுத்தான் தூங்கவைப்பார் என்று அவள் எங்களிடம் பிறகு சொன்னாள். பிள்ளைக்கு நடை வருவதற்குள் அவர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அப்பாவின் முகம் அவனுக்குத் தெரியாது. நாற்பது தாண்டிய அந்த ஆள் வராந்தாச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அம்மா, போனை அப்படியே வையி என்று மட்டும் சொன்னான். கண் செருகியது. நாங்கள் எல்லாரும், வாயாடி நான் உள்பட, சத்தம் போடாமல் நின்றோம், வீட்டில் பிள்ளை தூங்குகிறபோது நிற்கிற மாதிரி.

சண்முகக்கனிதான் எழுந்தாள்.

"அணைச்சிருங்க. வண்டி சூடாவுது. அவிய வண்டியச் சூடாவ விடமாட்டாவ."

இஞ்ஞாசி ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அவள் உள்ளே கையை விட்டு, எந்தப் பக்கம் என்று கேட்காமல், சாவியைத் திருகி அணைத்தாள்.

இன்ஜின் நின்றதும் இஞ்ஞாசியால் பொறுக்க முடியவில்லை, பையன் எந்த வருஷம் பிறந்தான் என்று கேட்டார். எழுபத்தெட்டு, மாசி என்றாள். இன்ஜினை எங்கே வாங்கினாராம்? கொழும்பிலிருந்து தோணியில் வந்ததாகச் சொல்வார், அங்கே யாரோ ஒரு டாக்டர் வைத்திருந்ததாம். இஞ்ஞாசியின் விரல்கள் சாவியின் பக்கம் போவதை நான் பார்த்தேன். ஒரு திருகல், அந்த டாக்டர் வந்துவிடுவார். இன்னும் ஒன்று, அதற்கும் முந்தினவர். அப்படியே போய் வார்ப்படச் சாலையின் நெருப்பு வரைக்கும் போய்விடலாம். அவர் சாவியை உருவினார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த டாக்டருக்கும் ஆட்கள் இருப்பார்கள் என்றார்.

இப்போது அவர் கொழும்பில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். மெட்ராஸ் சங்கத்துக்காரர் போனவாரம் கூப்பிட்டு, சார், இன்ஜின் வருஷம் கிடைத்ததா என்று கேட்டதற்கு, எழுபத்தெட்டில் ஒரு கைப்பிள்ளை வரைக்கும் கிடைத்திருக்கிறது, அதற்கு முன்னால் போக ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். அந்த வருஷ ஊர்வலம் எங்கள் கார் இல்லாமல் போயிற்று. என் துணிகள் இன்னும் மாடியில்தான் காய்கின்றன.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில் நான் தோசைக்கல்லைப் போட்டிருந்தபோது சலோமி அக்கா வாசலில் வந்து நின்றாள். குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்து வந்திருந்தாள். கரண்டு மோட்டார் வந்த பிறகும் சில உப்பளங்களில் பழைய இன்ஜின்கள் கிடக்கின்றனவாம், ஒன்றிரண்டு ஓடுகின்றனவாம். ஒன்றுக்கு நெஞ்சில் மூச்சு தங்கியிருந்தால் மற்றதற்கும் தங்கியிருக்கும்தானே என்றாள். சண்முகக்கனி வருகிறேன் என்றாளாம், ஆனால் அவளுக்கு ரபேலைத் தெரியாது.

எனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

உப்பளத்தில் வெயில் கண்ணைத் திறக்கவிடவில்லை. முதல் பம்புக் கொட்டகையில் இருந்த ஆள் எதற்கு என்று கேட்கவில்லை, செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. அவர் கம்பியைச் செருகிச் சுற்றினார். இன்ஜின் துருப்பிடித்த தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஓட ஆரம்பித்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டுக் குனிந்தேன். சலோமி அக்கா குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு, இன்ஜினைப் பார்க்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா," என்றேன்.

"சரி, அடுத்தது," என்று சொல்லிவிட்டு, அவள் வரப்பில் எனக்கு முன்னால் நடந்தாள்.